கர்தினால் பெயரில் ஒரு கூற்று

குழந்தைத் திருமுழுக்கு தவறு என நம்மிடம் வாதிடும் சகோதரர்கள் சிலர் ஒரு சான்றைக் காட்டுவதுண்டு. பாப்டிஸ்ட் சபையினர் 1200 ஆண்டுகளாக வாளுக்கு இரையாகி வந்தனர் என்று கர்தினால் ஹோசியுஸ் 1524-இல் ஒப்புக்கொண்டாராம். ஆகவே தங்கள் சபை தொடக்கக் காலத்திலிருந்தே உள்ளது என்கிறார்கள்.

ஆண்டுகளைப் பார்ப்போம். போலந்து நாட்டவரான ஹோசியுஸ் பிறந்தது 1504-இல்; கர்தினால் ஆனது 1561-இல். 1524-இல் அவர் 20 வயது இளைஞர். சூரிக் நகரில் முதல் மறுதிருமுழுக்கு நடந்ததே 1525 ஜனவரியில்தான்! பிற்காலத்தில் அவர் எழுதியது மறுதிருமுழுக்கினரைப் பற்றி. துன்பத்தைத் துணிவுடன் ஏற்பதால் மட்டும் ஒருவரது போதனை உண்மையாகிவிடாது என்பதே அவர் சொல்ல வந்தது. அங்கிருந்து 1200 ஆண்டுகள் பின்னே சென்றால் தொனாத்துஸ் பிரிவினரைக் காண்போம். அவர்களும் மறுதிருமுழுக்குக் கொடுத்தனர். ஆனால் குழந்தைத் திருமுழுக்கை மறுக்கவில்லை.

இதனால் நாம் மார்தட்ட வேண்டாம். மறுதிருமுழுக்கினர் பட்ட பாடு கட்டுக்கதை அன்று. 1527-இல் பெலிக்ஸ் மான்ஸை ஆற்றில் அமிழ்த்திக் கொன்றது சூரிக்கின் சீர்திருத்தச் சபை அரசு. அதே ஆண்டில் மிக்கேல் சாட்லரை எரித்தது கத்தோலிக்க அரசு. மேலும், லூத்தர் சொன்னதாக வரும் செய்திகளை நாமும் ஆராயாமல் பரப்புவதில்லையா?

பொய்ச்சான்றைத் தடுக்கும் எட்டாம் கட்டளை இறந்தோர் பெயருக்கும் பொருந்தும். திருமுழுக்கில் ஒளி பெற்ற நாம், வாதத்தில் வெல்வதற்காகக்கூட உண்மையைக் கைவிடாதிருக்க இறைவன் அருள்வாராக.