சிவந்த முருகனும் கறுத்த முனியும்

1890இல் தாமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்து, அப்புத்தளைப் பக்கம் தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கினார். அவருடைய தேயிலை விளம்பரங்களில் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண் நின்றாள், களைப்பே தெரியாத முகத்தோடு. அட்டைக்கடியும் கங்காணியின் அதட்டலும் படத்தில் வருமா? சீமையில் தேத்தண்ணி குடித்தவர்களுக்கு எங்கள் சனம் என்றால் அந்த முகம்தான்.

எங்கள் தோட்டத்து லயத்துக் காம்பராவில், அந்த வரிசை வீட்டு அறையில், வேறு படம். புகையேறிய சுவரில் கண்ணாடி போட்ட சிவகாசிக் காலண்டர் முருகன். கோவில்பட்டி ஓவியர் கொண்டையராஜு பாணி, ரோஜா நிறக் கன்னம். அப்பாயி காலை ஆள்கணக்கான பெரட்டுக்குக் கிளம்புமுன் குங்குமம் வைத்து வைத்தே கண்ணாடியில் சாமி நெற்றி மறைந்துபோனது.

“முருகன் மட்டும் ஏன் அப்பாயி தொரை மாதிரி செவப்பு?”

“அவரு வெயில்ல கொழுந்தெடுக்கலயே!”

இந்த வெளுப்பு பழைய சரக்கு. 1894இல் பம்பாயில் தொடங்கிய ரவி வர்மா அச்சகமே லட்சுமியையும் சரஸ்வதியையும் சிவந்த மேனியோடு வீடு வீடாக அனுப்பியது. பக்தியும் கூடியது, கறுப்பு மேல் கூச்சமும் கூடியது என்பேன். தேயிலை ஆலையைக் காக்கும் ரோதமுனிக்கு மட்டும் எங்கள் பக்கம் காலண்டர் வந்ததில்லை. அவர் எங்கள் நிறத்திலேயே இருந்தார்.