சிறகு கேட்ட வழக்கு

றெட்புல் குடித்தும் சிறகு முளைக்கவில்லையென்று அமெரிக்காவில் ஒருவர் வழக்காடி வென்றார் என்பது பலரும் நகைத்துச் சொல்லும் கதை. தலைப்புக்காக உண்மையை வளைக்கும் எம் தொழிலின் பழக்கத்தை நானறிவேன். அங்கே எவரும் சிறகு கேட்கவில்லை, தீர்ப்பில் வென்றதுமில்லை.

2013 ஜனவரியில் நியூயோர்க்கில் தொடுக்கப்பட்ட அவ்வழக்கு கஃபீன் பற்றியது. சிறிய பேணியொன்றில் இருப்பது ஏறத்தாழ 80 மில்லிகிராம். ஒரு கோப்பை கோப்பியே அதைவிட அதிகம் தரக்கூடும். பின் கூடுதல் விலை எதற்கு என்றே வழக்காளிகள் கேட்டனர். நிறுவனம் தவறை ஒப்புக்கொள்ளாமலே, 2014இல் 13 மில்லியன் டொலருக்கு இணங்கியது.

1966இல் திருத்தப்பட்ட சமஷ்டிக் குடியியல் நடைமுறையின் 23ஆம் விதியே இதற்கு வழி. தனித்தனியே நீதிமன்றம் ஏறக் கட்டுபடியாகாத சிறு நட்டங்கள் ஒரே வழக்காய்த் திரள்கின்றன; விலகுவதாக அறிவிக்காத வாங்குனர் எல்லோரும் அதில் அடக்கம். ஆனால் பணம் பெற விண்ணப்பிக்க வேண்டும். 2002 முதல் அமெரிக்காவில் ஒரு பேணியேனும் வாங்கியவர், பற்றுச்சீட்டின்றியே 10 டொலரோ 15 டொலர் பெறுமதியான பானமோ கேட்கலாம் என்றதும் விண்ணப்பங்கள் குவிந்தன. அதற்கான இணையத்தளமே திணறிற்று. நிதியோ வரையறுக்கப்பட்டது. கேட்டோர் பெருகப் பங்கு சுருங்கிற்று. சொல்லப்பட்ட அந்தப் 10 டொலர் முழுதாய்க் கைக்கு வரவில்லை.