தந்தையின் கையும் சிலிக்கானின் சீப்பும்

1952ஆம் ஆண்டு. பென்சில்வேனியாவில் மனைவி, மகளுடன் சென்ற ஜான் ஹெட்ரிக்கின் கார் பள்ளத்தில் இறங்கியது. மகளைக் காக்கப் பெற்றோர் இருவரும் பதறிக் கை நீட்டினர். அக்கைகளின் தொண்டினைக் கருவி ஆற்றலாகாதா என எண்ணினார் ஹெட்ரிக். 1953இல் காற்றுப்பைக்குக் காப்புரிமை பெற்றார்.

எண்ணம் பிறந்தது, ஏற்றம் பெற்றதா? 17 ஆண்டுக் காப்புரிமைக் காலம் கழிந்ததே கண்ட பலன்! மோதலை நொடிப்பொழுதில் உணரும் உணர்வியன்றோ தேவை? 1968இல் ஆலன் பிரீட் அதனை ஆக்கினார். 1991இல் அனலாக் டிவைசஸ் நிறுவனம், சிலிக்கான் சில்லில் நுண்ணிய சீப்புப் பற்களைச் செதுக்கிய உணர்வியை வெளியிட்டது. மோதலில் பற்களின் இடைவெளி மாறும், மின்கொண்மம் மாறும், ஆணை பிறக்கும், சற்றேறக்குறைய 30 மில்லிநொடியில் நைலான் பை விரியும்!

தொடக்கத்தில் இக்காப்பு விலையுயர்ந்த ஊர்திகளின் அணிகலனாகவே இருந்தது. ஏழையின் குழந்தைக்கு நெற்றி இல்லையா என நாம் கேட்கிறோம். 1991இல் அமெரிக்கா சட்டம் இயற்றி, 1998ஆம் ஆண்டு மாதிரி முதல் எல்லாக் கார்களிலும் முன்னிருக்கை இரண்டுக்கும் காற்றுப்பையைக் கட்டாயமாக்கியது. தந்தையின் பரிவு எண்ணத்தைத் தந்தது. அறிவியல் உருவைத் தந்தது. அதனை அனைவருக்கும் உரிமையாக்கியது சட்டம். இம்மூன்றில் ஒன்று குறையினும், கண்டுபிடிப்பு காகிதத்திலேயே உறங்கும் என்பதை நாம் மறவாதிருப்போம்.