இரு செவியும் நான்கு சுவரும்

கண்ணை மூடியிருப்பவனும் தன்னை அழைக்கும் குரல் எத்திசையினின்று வருகின்றது என்பதை அறிவான். ஒலி ஒரு செவியை முந்தியும் மறுசெவியைப் பிந்தியும் அடைகின்றது; ஒன்றிற் பலத்தும் மற்றொன்றில் மெலிந்தும் கேட்கின்றது. இச்சிறு வேற்றுமையே திசையை உணர்த்துகின்றது. இயற்கையின் இவ்வமைப்பை இல்லத்து இசைக்குக் கொணர்ந்த வரலாறு இரு வழிகளில் நடந்தது. ஒன்று கருவியின் வழி. மற்றது அறையின் வழி.

1881ஆம் ஆண்டு பாரிஸ் மாநகரின் மின்னியற் பொருட்காட்சியிலே, கிளெமாங் அடேர் என்பவர் ஒப்பேரா மேடையில் ஒலிவாங்கிகளை அமைத்துத் தொலைபேசிக் கம்பி வழியே பாட்டைக் கொணர்ந்தார். செவிக்கொன்றாக இரு கருவிகளை வைத்துக் கேட்டோர், பாடகர் நின்ற இடத்தையும் உணர்ந்து வியந்தனர். ஐம்பதாண்டுகளின் பின், 1931 டிசம்பரில், ஆங்கிலேயப் பொறியியலாளர் அலன் புளூம்லைன் இதனை ஒலிபெருக்கிகளுக்கேற்ற முறையாக வகுத்து ஆக்கவுரிமைக்கு விண்ணப்பித்தார். இசைத்தட்டின் ஒரே பள்ளத்தில் இரு ஒலிகளைப் பதிக்கும் வழியும் அதில் அடங்கியிருந்தது. 1942 ஜூனில், ராடார் கருவியொன்றைச் சோதிக்கப் பறந்த விமானம் வீழ்ந்து அவர் மாண்டார். அப்போது வயது 38. 1958இல் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைகளுக்கு வந்தபொழுது, அவற்றைக் கேட்க அவர் இல்லை.

அறையின் வரலாறு அமெரிக்காவில், ஹார்வர்ட் பல்கலைக்கழகத்திலே 1895இல் தொடங்குகின்றது. அங்கே புதிய விரிவுரை மண்டபமொன்றிற் பேச்சு விளங்கவில்லை. உரைத்த சொல் ஏறத்தாழ 5.5 செக்கன் நேரம் சுழன்று, அடுத்த சொற்களை விழுங்கியது. பௌதிகவியல் ஆசிரியர் வொலஸ் சபைன், ஊரடங்கிய இரவுகளில், சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொணர்ந்து பரப்பி, ஆர்கன் குழலின் ஒலி எத்துணை நேரம் நிலைக்கின்றதென அளந்தார். அறையின் கனவளவு பெருகின் எதிரொலி நீளும்; ஒலியை உறிஞ்சும் பொருள் பெருகின் அது குறுகும் என்ற விதி பிறந்தது. 1900இல் திறக்கப்பட்ட பொஸ்டன் இசைமண்டபம் அவ்விதியின் துணைகொண்டு எழுந்தது.

இவ்விரு வழிகளும் சந்திக்குமிடம் நம் வீட்டுக் கூடமே. முந்தி வரும் ஒலியே திசையைத் தீர்மானிக்கும் என்பதையும், சிறிது பிந்தி வரும் எதிரொலியை மனம் அதனோடு சேர்த்துக்கொள்ளும் என்பதையும் 1949இல் ஜெர்மானியரான ஹெல்முட் ஹாஸ் ஆராய்ந்து காட்டினார். ஆகவே, ஒரு பெட்டியின் அருகே அமர்ந்தவனுக்குக் கச்சேரி முழுவதும் அப்பக்கமே சாயும். இரு பெட்டிகளும் கேட்பவனும் சமபக்க முக்கோணமாக அமைந்தாற் பாடகர் நடுவே தோன்றுவார். ஒரு பெட்டியின் அருகே வெறுஞ்சுவரும் மற்றதன் அருகே தடித்த திரையும் இருப்பின், அத்தோற்றம் குலையும். பெட்டிகளைச் சுவரைவிட்டுச் சற்று முன்னே நகர்த்தி, வெறுந்தரையில் ஒரு கம்பளம் விரித்துப் பார்த்தல் நன்று. புதிய கருவி வாங்குவது அதன் பின்னர் ஆகட்டும்.