முட்டம் கடற்கரையில் ஐஸ் பெட்டி

முட்டம் கடற்கரையில் மீனையும் பிற உணவையும் மின்சாரம் இல்லாமல் குளிரில் வைக்கப் பயன்படும் முதன்மைக் கருவி ஐஸ் பெட்டி. தடித்த சுவரும் இறுக மூடும் மூடியும் கொண்ட பெட்டிக்குள் உடைத்த ஐஸை நிரப்பி, அது உருகும் வேகத்தைத் தடுப்பதே இதன் வேலை. படகிலும், பைக்கின் பின்னிருக்கையிலும், குட்டியானை வண்டியிலும், பல நாள் பயணம் போகும் வேனிலும் இதே முறைதான் ஏதாவது ஒரு வடிவில் இருக்கிறது. குளிரை உண்டாக்கும் இயந்திரத்தை வண்டியில் ஏற்றுவதைவிட, கரையில் உண்டாக்கிய குளிரை வாங்கிக் காப்பது பல மடங்கு மலிவு.

கன்னியாகுமரி மாவட்டத்தில் இராஜாக்கமங்கலத்துக்கும் குளச்சலுக்கும் இடைப்பட்ட கடலோர ஊர் முட்டம். பாறைகளும் கலங்கரை விளக்கமும் ஊரின் அடையாளங்கள். ஜேப்பியார் குழுமம் கட்டிய தனியார் மீன்பிடித் துறைமுகம் இங்கே இயங்குகிறது. இங்கு கரையேறும் மீன் திங்கள்சந்தை, தக்கலை, நாகர்கோவில் வடசேரி என்று உள்ளூர்ச் சந்தைகளுக்கும், எல்லை தாண்டிக் கேரளத்துக்கும் போகிறது. இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி பகல் வெப்பம் 30 பாகை செல்சியசை ஒட்டியே இருக்கும். கடல்நீரின் சூடும் ஏறக்குறைய அதுதான். ஆகவே வலையிலிருந்து எடுத்த நொடியிலேயே மீன் கெடத் தொடங்குகிறது. ஐஸ் இல்லாமல் வைத்தால் காலையில் பிடித்தது மாலைக்குத் தாங்காது. பூச்சியப் பாகையில் வைத்தால் சாளை, அயலை போன்ற கொழுப்பு மிகுந்த சிறுமீன்கள் ஒரு வாரத்தை ஒட்டியும், பெரிய மீன்கள் பல இரண்டு வாரமோ அதற்கு மேலோ தாங்கும்.

கெட்டுப்போவது என்றால் நாற்றம் மட்டும் அல்ல. சூரை, அயலை, சாளை, நெத்தோலி ஆகியவற்றின் தசையில் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் மிகுதி. மீன் சூட்டில் கிடந்தால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றுகின்றன. முகம் சிவந்து தடிப்பு எழுவதும், தலைவலியும் வயிற்றுப்போக்கும் வருவதும் இதனால்தான். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் இந்த நஞ்சு அழியாது. பார்வைக்கும் மூக்குக்கும் நன்றாகவே தெரியும் சூரையிலும் அது இருக்கக்கூடும். முதல் சில மணி நேரத்தில் குளிர் தவறினால் பிறகு எவ்வளவு ஐஸ் கொட்டினாலும் அந்தத் தவறைத் திருத்த முடியாது.

குளிரைப் பெட்டியில் அடைத்து நெடுந்தூரம் கொண்டுபோகலாம் என்பது தமிழ்நாட்டுக்குப் பழைய செய்தி. அமெரிக்க வணிகர் ஃபிரெடெரிக் டியூடர் 1833இல் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்கு ஏரி ஐஸ் 180 டன் அனுப்பினார். நான்கு மாதக் கடல் பயணத்துக்குப் பிறகும் 100 டன்னளவு மிஞ்சியது. சென்னை மெரினாவில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் ஐஸ் ஹவுஸ், அந்த வணிகத்துக்காக 1842இல் எழுந்த கிடங்கு. வெப்பமண்டலத்தைக் கடந்து ஐஸைக் காத்தவை மரப்பலகைச் சுவரும் அதன் இடைவெளியில் திணித்த காப்புப் பொருளும்தான். குளிரூட்டும் இயந்திரம் எதுவும் அந்தக் கப்பலில் இல்லை.

முட்டம் போன்ற ஊர்களுக்கு ஐஸ் வந்தது மிகப் பிந்தியே. கட்டுமரக் காலத்தில் மீன் கரை சேர்ந்ததும் விற்றாக வேண்டும். பெண்கள் கடவம் என்னும் ஓலைக் கூடையில் சுமந்து உட்புற ஊர்களுக்கு நடந்தார்கள். விற்காத மீன் உப்பும் வெயிலும் பட்டுக் கருவாடானது. விசைப்படகுகளும் வெளியூர் வணிகமும் பெருகிய பிறகே ஐஸ் கம்பெனிகள் துறைமுகங்களைச் சுற்றி எழுந்தன.

ஐஸ் கம்பெனியில் நடப்பது எளிய வேலை. தகரக் குவளைகளில் நீரை நிரப்பி, அம்மோனியாவால் குளிரூட்டிய உப்புநீர்த் தொட்டியில் இறக்குகிறார்கள். தொட்டியின் சூடு பூச்சியத்துக்குக் கீழே பத்துப் பாகை அளவில் இருக்கும். 50 கிலோ கட்டி ஒன்று உறைய ஏறக்குறைய ஒரு நாள் ஆகிறது. கட்டியின் தடிமன் இரட்டித்தால் உறையும் நேரம் நான்கு மடங்காகும். அதனால் விருப்பம்போல் பெரிதாக்க முடியாது. உறைந்த குவளையைச் சாதாரண நீரில் சற்று முக்கினால் ஓரம் இளகிக் கட்டி வழுக்கி வெளியே வரும். பலகைச் சரிவில் சறுக்கி இறங்கும் கட்டிகளை வண்டியில் அடுக்கிச் சாக்கும் தார்ப்பாயும் போர்த்துகிறார்கள். முழுக் கட்டி மெதுவாக உருகும். உடைத்த ஐஸ் விரைவாகக் குளிர்விக்கும். இதனால்தான் கொண்டுபோகும்வரை கட்டியாகவும், மீனில் இடும்போது பொடியாகவும் வைப்பது வழக்கம்.

ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சுகிறது. 10 கிலோ மீனை 30 பாகையிலிருந்து பூச்சியத்துக்குக் கொண்டுவர 1,080 கிலோஜூல் நீக்கினால் போதும். அதாவது மூன்றேகால் கிலோ ஐஸ். ஆனால் வழக்கத்தில் கிலோ மீனுக்குக் கிலோ ஐஸ் என்று இடச் சொல்கிறார்கள். மீதமுள்ள ஐஸ் மீனுக்காகச் செலவாவதில்லை. பெட்டியின் சுவர் வழியாக நுழையும் வெப்பத்துக்கே போகிறது. ஒவ்வொரு பக்கமும் 40 சென்டிமீட்டர் உள்ள, 64 லிட்டர் கொள்ளும் தெர்மாகோல் பெட்டியை எடுத்துக்கொண்டால், வெளியே 30 பாகை இருக்கும்போது 2 சென்டிமீட்டர் சுவர் நாளொன்றுக்கு 13 கிலோ ஐஸை வீணாக்கும். 4 சென்டிமீட்டர் சுவரில் அது ஆறரைக் கிலோ. 8 சென்டிமீட்டரில் மூன்றேகால் கிலோ. மூடி இடைவெளியில் புகும் காற்றின் கணக்கு இதற்கு மேல். சந்தையில் கிடைக்கும் மெல்லிய தெர்மாகோல் பெட்டி வாங்கும்போது மலிவு. அதில் மிச்சமாகும் காசைச் சில வாரங்களிலேயே ஐஸ் விலையாகத் திருப்பிக் கொடுக்க நேரும். பழைய பெட்டிக்கு வெளியே இன்னொரு அடுக்கு தெர்மாகோல் ஒட்டி, மேலே ஈரச் சாக்கு போர்த்தி, நிழலில் வைப்பது ஏறக்குறையச் செலவே இல்லாத சீர்திருத்தம். வெயிலில் பூட்டி நிறுத்திய வண்டிக்குள் சூடு 50 பாகையைத் தாண்டும். அப்போது அதே பெட்டியில் ஐஸ் உருகும் வேகம் ஒன்றரை மடங்குக்கு மேலாகிவிடும்.

ஐஸ் இடுவதற்கும் ஒரு முறை உண்டு. அடியில் இரண்டு விரல் கனத்துக்குப் பொடி ஐஸ், அதன்மேல் மீன், மறுபடி ஐஸ் என்று அடுக்கி, மேலே தடிப்பாக மூட வேண்டும். குளிர் கீழே இறங்குவதால் மேல் அடுக்கு கனமாக இருப்பது முக்கியம். குடல் நீக்கிய பெரிய மீனை வயிறு கீழ்நோக்க வைத்தால் இரத்தநீர் தேங்காது. பெட்டியின் அடித்துளை வழியாக உருகிய நீர் வடிய வேண்டும். தேங்கினால் மீன் நீரில் ஊறிச் சுவை இழக்கும். சிறுமீனை விரைவாகக் குளிர்விக்க, உடைத்த ஐஸைக் கடல்நீரில் கலந்து அதில் முக்குவதும் உண்டு. உப்பு கலந்ததால் அந்தக் கலவை பூச்சியத்துக்குச் சற்றுக் கீழே போகும். ஒவ்வொரு மீனின் தோலையும் சுற்றித் தொடும். உப்பை அள்ளிக் கொட்டக் கூடாது. கால் பங்கை ஒட்டி உப்பு சேர்ந்த ஐஸ் பூச்சியத்துக்குக் கீழே 21 பாகைவரை இறங்கும். குல்பிக்கு அது சரி. மீனோ அரைகுறையாக உறைந்து தசை நைந்துபோகும்.

ஐஸை நம்பி நாட்கணக்கில் வாழும் வாழ்க்கைக்கு இந்த மாவட்டத்தின் சிறந்த எடுத்துக்காட்டு ஆழ்கடல் படகுகள். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை வட்டாரத்து மீனவர்கள் வாரக்கணக்கில், சில வேளை ஒரு மாதத்துக்கும் மேலாகக் கடலில் தங்குகிறார்கள். பாலியூரித்தேன் நுரை அடைத்த மீன் அறையில் நூற்றுக்கணக்கான ஐஸ் கட்டிகளை நிரப்பிக்கொண்டே கரையை விடுகிறார்கள். பிடித்த மீனும் சமைக்க வேண்டிய காய்கறியும் அந்தக் குளிரில்தான் இருக்கின்றன. பயணம் எத்தனை நாள் என்பதை டீசலும் ஐஸும் சேர்ந்தே முடிவுசெய்கின்றன.

மலிவு என்று சொல்லப்படும் மற்ற வழிகளில் சில இந்தக் கரைக்குப் பொருந்துவதில்லை. நைஜீரிய ஆசிரியர் முகமது பா அப்பா பரப்பிய பானைக்குள் பானை முறையும், குஜராத்தின் வாங்கானேரில் மன்சுக்பாய் பிரஜாபதி உருவாக்கிய மிட்டிகூல் மண் குளிர்பெட்டியும் நீர் ஆவியாவதால் குளிர்பவை. காற்று உலர்ந்திருந்தால்தான் அது நன்றாக நடக்கும். முட்டத்துக் காற்றில் எப்போதும் கடலின் ஈரம் நிறைந்திருப்பதால், மண்பானை 25 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. தக்காளி, கீரை, வெண்டைக்காய் வாடாமல் இருக்க அது உதவும். மீனுக்கும் பாலுக்கும் 5 பாகைக்குக் கீழே வேண்டும் என்பதால் அவற்றுக்கு உதவாது.

வேன் பிடித்துப் பல நாள் சுற்றி, வழியோரத்தில் சமைத்துச் சாப்பிடும் குடும்பங்களுக்கும், வண்டியையே வீடாக்கிக்கொண்டவர்களுக்கும் மின்சாரக் குளிர்பெட்டிகளில் இரண்டு வகை கிடைக்கின்றன. கம்ப்ரஸர் இல்லாத பெல்டியர் வகை விலை குறைந்தது. வெளிச் சூட்டைவிட ஏறக்குறைய 20 பாகைதான் அதனால் குறைக்க முடியும். 35 பாகை வெயிலில் உள்ளே 15 பாகை என்பது பாலைத் திரிய வைக்கும் சூடு. நாள் முழுதும் ஓடி ஒரு யூனிட்டுக்கு மேல் மின்சாரமும் இழுக்கும். 12 வோல்ட் கம்ப்ரஸர் பெட்டி விலை கூடியது என்றாலும் பெல்டியர் இழுப்பதில் பாதி மின்சாரத்தில் உண்மையான குளிரைத் தரும். அதற்கு 200 வாட் சூரியத் தகடும் 100 ஆம்பியர்-மணி மின்கலமும் இருந்தால் தென் தமிழ்நாட்டு வெயிலில் சமாளிக்கலாம். ஐரோப்பிய வண்டிகளில் காணும் எரிவாயுக் குளிர்பெட்டி 1922இல் ஸ்வீடன் மாணவர்களான பிளாட்டனும் முன்டர்சும் கண்டுபிடித்தது. வண்டி சமதளத்தில் நிற்காவிட்டால் வேலை செய்யாது. கடும் வெயிலிலும் தளர்ந்துவிடும்.

இரண்டு மூன்று நாள் பயணத்துக்கு இவை எதுவும் தேவையில்லை. புறப்படுவதற்கு முந்தைய இரவே பெட்டியில் கொஞ்சம் ஐஸ் போட்டு அதன் சுவரைக் குளிர்விக்க வேண்டும். நீர் நிறைத்த பாட்டில்களை வீட்டு ஃப்ரீசரில் உறையவைத்து எடுத்துக்கொண்டால் உருகிய நீர் உணவில் படாது, குடிக்கவும் ஆகும். காலி இடம் விடாமல் அடுக்கி, குடிநீருக்கு வேறொரு பெட்டி வைத்துக்கொண்டால் உணவுப் பெட்டியை நாளில் ஓரிரு முறை திறந்தால் போதும். ஐஸ் தீர்ந்தால் துறைமுகத்தை ஒட்டி வாங்கிக்கொள்ளலாம். அந்த ஐஸைப் பாத்திரத்திலோ தடித்த பையிலோ கட்டி வைக்க வேண்டும். குடிக்கும் நீரில் போடக் கூடாது. உணவைத் தொடும் ஐஸ் குடிநீரால் ஆனதாக இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. ஆனால் தரையில் இழுத்துச் சாக்கில் சுற்றிய கட்டியின் மேல்புறம் அந்தத் தூய்மையில் இருக்காது. குளிரே வேண்டாத உணவும் இருக்கிறது: புளியும் நல்லெண்ணெயும் சேர்ந்த கட்டுச்சோறு ஓரிரு நாள் தாங்கும்.

ஐஸைச் சேமிக்க நினைத்துச் சிலர் குறுக்குவழியிலும் போயிருக்கிறார்கள். 2018 சூனில் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை 'ஆபரேஷன் சாகர் ராணி' என்ற பெயரில் நடத்திய சோதனையில் ஃபார்மலின் என்னும் வேதிப்பொருள் கலந்த மீன் டன் கணக்கில் பிடிபட்டது. களியக்காவிளைக்கு அப்பால் உள்ள அமரவிளைச் சோதனைச் சாவடியும் அது பிடிபட்ட இடங்களில் ஒன்று. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிய சோதனைத் தாள் ஃபார்மலினைச் சில நிமிடங்களில் காட்டிக்கொடுக்கும்.

வாங்குவோர் மனத்தில் ஊறிய ஒரு தப்பெண்ணமும் ஐஸுக்கு எதிரி. 'ஐஸ் மீன்' என்றால் பழைய மீன் என்று முகம் சுளிப்பதால், ஐஸில் இருந்த மீனைக் கழுவிக் கடல் மணலைத் தூவி விற்பவர்களும் உண்டு. மணல் பட்ட மீன் புதியது என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை; மணலோடு கிருமியும் சேர்கிறது. காலையில் பிடித்து உடனே ஐஸிட்ட மீன், மதியம்வரை வெறுஞ்சருவத்தில் கிடந்த மீனைவிட எல்லா வகையிலும் நல்லது.

இந்தத் தொழிலில் குளிர் எட்டாத இடம் அலுமினியச் சருவம் சுமக்கும் பெண்களின் தலைச்சுமைதான். அலுமினியம் வெப்பத்தைத் தாராளமாக உள்ளே விடுகிறது. வாங்கிய ஐஸ் முதல் இரண்டு தெருவுக்குள் நீராகிறது. 2020இல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் ஐஸ் பெட்டியுடன் மிதிவண்டிக்கு 10,000 ரூபாய், மோட்டார் சைக்கிளுக்கு 75,000, மூன்று சக்கர வண்டிக்கு 3 லட்சம், குளிரூட்டி பொருத்திய வாகனத்துக்கு 25 லட்சம் என்று அலகுச் செலவு வகுத்தார்கள். பொதுப் பிரிவினருக்கு அதில் 40 விழுக்காடும், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 விழுக்காடும் மானியம். ஒரு குளிரூட்டி வாகனத்தின் செலவில் முப்பதுக்கும் மேற்பட்ட மோட்டார் சைக்கிள்களை ஐஸ் பெட்டியுடன் வாங்கலாம். முட்டம் போன்ற ஊரில் அந்தப் பணம் முதலில் போய்ச் சேர வேண்டியது தடித்த சுவருள்ள பெட்டிக்கும், அதைச் சுமக்கும் வண்டிக்கும், அதை ஓட்டும் பெண்ணுக்கும்தான்.