நவாபிடம் பயின்ற நம்பியார்

சேர்வராயன் கோயிலிலிருந்து ஏற்காடு வழியாக மலைப்பாதையில் இறங்கிச் சேலத்தை அடைவோர், சாலையோரத்தில் ஒரு பழைய வளைவைக் காண்பர். டி. ஆர். சுந்தரம் 1935இல் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவாயில் அது. 1950இல் அந்நிறுவனத்தார் எடுத்த ‘திகம்பர சாமியார்’ படத்தில் எம். என். நம்பியார் பல வேடங்களில் தோன்றினார்; அதே ஆண்டின் ‘மந்திரி குமாரி’யில் வஞ்சக ராஜகுருவானார். ஒரே நடிகர் இத்தனை உருவங்களை ஏற்கும் ஆற்றலை எங்கே பெற்றார் என்பதே நம் ஆய்வுக்குரிய பொருள்.

கண்ணூர்ப் பகுதியில் 1919இல் பிறந்த நம்பியார், இளமையிலேயே தந்தையை இழந்து உதகையில் வளர்ந்தார். பதின்மூன்றாம் வயதில் டி. எஸ். ராஜமாணிக்கத்தின் மதுரை தேவி பால விநோத சங்கீத சபாவில் சேர்ந்தார். வறுமையுற்ற குடும்பத்துச் சிறுவர்க்கு அந்நாளில் பாய்ஸ் கம்பெனியே உணவளிக்கும் இல்லமாகவும் கல்வி தரும் பள்ளியாகவும் விளங்கிற்று.

அங்குப் பயிற்சி கடுமையானது. வாத்தியார் சொல்லச் சொல்லக் கேட்டு, வசனத்தையும் பாட்டையும் மனனம் செய்ய வேண்டும். உச்சரிப்புப் பிழைத்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். தன் பாகத்தோடு பிறர் பாகத்தையும் அறிந்திருத்தல் நன்று; ஒருவன் நோயுற்றால் மற்றவன் அரங்கேறியாக வேண்டுமல்லவா? பெண் வேடங்களையும் சிறுவரே தாங்கினர். குரல் உடையும் மகரக்கட்டுப் பருவத்தில் பலருடைய நாடக வாழ்வு முடிந்துவிடும். எஞ்சியோர் நடிப்பாலேயே நிலைபெற வேண்டியிருந்தது. மத்ரஸாவில் உஸ்தாதின் முன் அமர்ந்து ஓதியவர்களுக்கு இம்முறை புதிதன்று. நாவைத் திருத்திய பின்னரே பொருளை விளக்குவதும், அறிவுக்கு முன் அதபைக் கற்பிப்பதும் நம் மரபும் அன்றோ!

ராஜமாணிக்கத்தின் பெயரோடு ‘நவாப்’ என்னும் சொல் இணைந்த வரலாறு நம் வாசகர்க்குச் சுவை தரும். ‘பக்த ராமதாஸ்’ நாடகத்தில் கோல்கொண்டா மன்னர் தானிஷாவாக அவர் நடித்த சிறப்பே அப்பட்டத்தைத் தந்தது. வரலாற்றில் தானிஷா எனப்படும் அபுல் ஹஸன் குதுப்ஷா, நவாப் அல்லர். 1672 முதல் 1687 வரை ஆண்ட சுல்தான். அரசு வரிப்பணத்தைப் பத்ராசலம் கோயிலுக்குச் செலவிட்டதாகக் கோபன்னாவைச் சிறையிலிட்டவர் எனக் கதை அவரைக் காட்டுகிறது. ஆயினும் அவருடைய தலைமை அமைச்சர் மாதண்ணா ஓர் அந்தணர் என்பதையும், அவர் உடன்பிறந்தார் அக்கண்ணாவும் உயர்பதவி வகித்தார் என்பதையும் வரலாறு மறவாது. ஒளரங்கசீப்பின் படை கோல்கொண்டாவை வீழ்த்தியபின், சுல்தான் தௌலதாபாத் கோட்டையில் சிறைப்பட்டார்.

இந்நாடகம் 1935இல் திரைப்படமானபோது மாதண்ணாவாகத் தோன்றியவர் நம்பியார். அதுவே அவருடைய முதற்படம். ஆசிரியர் முஸ்லிம் மன்னர். மாணவர் அவருடைய இந்து அமைச்சர். தானிஷாவை வெறும் கொடுங்கோலனாகக் கண்டிருந்தால், அவ்வேடத்தின் பெயரால் ஒரு நடிகரை மக்கள் வாழ்நாள் முழுதும் அன்போடு அழைத்திருப்பார்களா? ‘இயேசுநாதர்’ நாடகத்தையும் நடத்தியவர் அந்த ராஜமாணிக்கம். பிற சமயத்தாரின் உள்ளத்தில் புகுந்து பேசுவதும் அவருடைய சபையின் பாடங்களுள் ஒன்றாக இருந்தது.

பின்னர் நம்பியார் சக்தி நாடக சபையில் எஸ். டி. சுந்தரத்தின் ‘கவியின் கனவு’ நாடகத்தில் ராஜகுருவாக நடித்தார். சேலத்துப் படத்தின் ராஜகுருவுக்கு வித்திட்டது அவ்வேடமே எனலாம். திரையில் அரை நூற்றாண்டுக்கு மேல் கொடியவராக விளங்கிய அவர், வாழ்வில் மது அருந்தாதவர், புலால் உண்ணாதவர். 2008இல் மறையும் வரை அவ்வொழுக்கத்தில் அவர் வழுவவில்லை.

பிள்ளைகளை ஒரு துறைக்கு அனுப்பும் பெற்றோர், அத்துறை என்ன ஊதியம் தரும் என்று முதலில் கேட்கின்றனர். அங்கே ஆசிரியர் யார் என்று கேட்பவர் சிலரே. வேடம் எதுவாயினும், அதனைத் தாங்கும் மனிதனை உருவாக்குபவர் ஆசிரியர்தாம்.