கையில் கொடுத்த காசு

தோட்டத்துச் சம்பளம் கைக்கு வருமுன்பே பல இடத்தில் வெட்டுப்படும். செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் டோபிக்கு ஒரு தொகை, பாபருக்கு ஒரு தொகை, கோயிலுக்கு, சங்கச் சந்தாவுக்கு, முற்பணத்துக்கு. எதையும் தொழிலாளி தன் கையால் எடுத்துக் கொடுப்பதில்லை, ஆபீசிலேயே கழித்துவிடுவார்கள். இலங்கை மலையகத்தில் லுணுகலையைச் சுற்றியிருக்கும் ஹொப்டன், அடாவத்தை, சோலன்ஸ் பக்கத்து லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) நான் அறிந்தவரை செக்ரோலில் பெயர் ஏறாமலே பிழைத்த ஒரு தொழில் கூத்துத்தான். கொழுந்து எடுத்தவளும் கவ்வாத்து வெட்டியவனும் மடியை அவிழ்த்துக் கொடுத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. மன்மதன்–ரதி கதையை ஆடும் காமன் கூத்தில் ரதி வேடம் கட்டியவரின் பேரன் நான். அந்தக் காசின் கதையைத்தான் எழுதுகிறேன்.

அதற்கு முன், பாட்டு யாருக்காக என்று பார்க்க வேண்டும். மலையக இலக்கியத்தின் முதல் அச்சு நூல் என்று நம் ஆய்வாளர்கள் சொல்லும் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ 1869இல் வந்தது. ஆபிரகாம் யோசேப்பு எழுதியது. கோப்பிப் பயிர்ச் செய்கையைக் கும்மி மெட்டில் பாடும் அந்த நூல் துரைமார் பக்கம் நின்று பேசுகிறது. அதே மலைகளில் பெயர் தெரியாத சனங்கள் பாடியவற்றைப் பின்னாளில் சி.வி. வேலுப்பிள்ளை ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்று தொகுத்தார். அதில் கங்காணியும் துரையும் வாங்கும் வசையைப் படித்தால், யாருக்காகப் பாடுகிறோம் என்பது பாட்டை எவ்வளவு மாற்றிவிடுகிறது என்று புரியும்.

அந்தச் சனங்களுக்காகவே ஆடிய காமன் கூத்து தமிழ்நாட்டிலிருந்து ஆட்களோடு ஆட்களாக வந்தது. மாசி அமாவாசை கழிந்து பிறை தெரிந்ததும் கம்பம் ஊன்றுவார்கள். வேடம் கட்டுகிறவர்கள் காப்புக் கட்டி விரதம் இருப்பார்கள். பௌர்ணமியில் சிவன் மன்மதனை எரிப்பது வரை ராத்திரி ராத்திரியாக ஆட்டம். பகலில் மலையில் வேலை, பொழுது சாய்ந்தால் தப்புச் சத்தம். ரதியும் மன்மதனும் லயம் லயமாகப் போவார்கள். ஒவ்வொரு வாசலிலும் பெண்கள் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, சுளகில் அரிசியும் தேங்காயும் வைத்து, ஆராத்தித் தட்டில் சில்லறை போடுவார்கள். கொஞ்சம் வசதியுள்ளவர் ரூபாய் நோட்டை ஊக்கால் மன்மதன் மார்பில் குத்துவார். உடனே கோமாளி ஆட்டத்தை நிறுத்தி, இன்ன லயத்து இன்னார் தந்தது என்று ராகத்தோடு கூவுவார். காசைவிட அந்தக் கூவலுக்கு மதிப்பு அதிகம். காலைப் பெரட்டில் ஆள்கணக்கு எடுக்கும்போது வெறும் நம்பராக நின்ற ஆளுக்கு ஊர் முழுக்கக் கேட்கும்படி ஒரு பெயர் கிடைக்கும்.

1929இல் நிர்ணயித்த குறைந்தபட்சச் சம்பளம் உயர் மலைநாட்டில் ஆணுக்கு நாளைக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். ஆகவே தட்டில் விழுந்த பத்துச் சதத்தின் கனம் என்னவென்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எங்கள் தாத்தாவுக்கு அது நன்றாகத் தெரியும். மன்மதன் எரிந்த பிறகு ரதி புலம்பும் இடத்தை அவர் ஒருநாளும் சுருக்கியதில்லை என்று அப்பாயி சொல்லும். புருசனைப் பறிகொடுத்த பெண்கள் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து அவரோடு சேர்ந்து அழுவார்களாம். மறுநாள் அவர்களில் யாராவது காம்பராவுக்கே வந்து ஒரு கொத்து அரிசியை வைத்துவிட்டுப் போவார்களாம். அதுவும் சம்பளம்தான். ஆட்டம் முடிந்ததும் கூத்து வாத்தியார் நோட்டைத் திறந்து, பந்தத்துக்கு எண்ணெய், சாயம், சடை என்று செலவைக் கழித்து மிச்சத்தைப் பங்கு பிரிப்பார்.

சனத்தின் முன்னால் நேரே நின்று பாடும் இதே வழக்கம் அரசியலுக்குள்ளும் போனது. தஞ்சாவூர்க்காரரான கோ. நடேசய்யர் 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல் குற்றம் என்றிருந்த காலம். புடவை வியாபாரி வேசத்தில் அவர் லயங்களுக்குள் போனதாகச் சொல்வார்கள். அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாடினார். ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற அவருடைய பாட்டுப் புத்தகம் 1940இல் வந்தது. அரசாங்கம் நாட்கூலி இந்தியர்களை வேலையிலிருந்து நிறுத்தத் தொடங்கியதற்கு அடுத்த வருசம் அது. பேச்சைக் கேட்டவன் வீட்டுக்குப் போனால் பாதி மறந்துவிடுவான். மெட்டோடு கேட்டது மறுநாள் கொழுந்து மலையில் திரும்பக் கேட்கும்.

இப்படிப் பாட்டுகட்டி, மெலிந்த தாளில் அச்சடித்து, சனம் கூடுமிடத்தில் நின்று பாடியே விற்றவர்கள் மலையகத்தில் ஒரு வரிசையாக இருந்தார்கள். கோவிந்தசாமித் தேவர், ஜில் சுல்தான் பெயர்களை இன்றும் நம் ஆய்வாளர்கள் எடுத்துச் சொல்கிறார்கள். பதிப்பாளர் கிடையாது, விமர்சகர் கிடையாது. பாடிக் காட்டினால்தான் புத்தகம் விலைபோகும். படிக்கத் தெரியாதவரும் வாங்கினார்கள், வீட்டில் படிக்கிற பிள்ளை ஒன்று வாசித்துக் காட்டும் என்று. இலக்கிய வரலாறு எழுதுகிறவர்கள் இவர்களை ஒரு பத்தியில் முடித்துவிடுவது எனக்குச் சம்மதமில்லை.

பாடியவருக்கும் கொடுத்தவருக்கும் இருந்த இந்த உறவை ஆட்களோடு சேர்த்துப் பிய்த்தது 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று இரண்டு அரசாங்கங்களும் முடிவெடுத்தன. பதுளை ஸ்டேசனில் ரயிலேறி, தலைமன்னாரில் கப்பலேறிப் போனவர்களில் மன்மதன் கட்டியவர் இருந்தார், தப்படித்தவர் இருந்தார், அரிசி கொடுத்தவர்களும் இருந்தார்கள். எங்கள் வாத்தியார் நோட்டோடு போய்விட்டார். மிஞ்சியவர்கள் ஞாபகத்திலிருந்து பாட்டைத் திரும்பக் கட்டினார்கள். சில இடங்களில் வரி தப்பிப்போனது இன்றைக்கும் காதில் இடிக்கிறது.

கையில் கொடுத்த காசு என்று நான் பெருமையாக எழுதினாலும், எல்லாக் கையும் ஒரே மாதிரி நீளவில்லை. ரதிக்குத் தட்டில் போட்டவர்களில் சிலர் தப்படித்தவருக்குத் தரையில் போட்டார்கள். அவர் இல்லாமல் சாமியும் வராது, சாவும் எடுபடாது. ஆனாலும் குனிந்து பொறுக்க வேண்டியிருந்தது. அந்த வீட்டுப் பிள்ளைகள் படித்ததும் தப்பைத் தொடமாட்டோம் என்று சொன்னதில் ஒரு தப்புமில்லை. கலை அழிகிறதே என்று மேடையில் வருத்தப்படுகிறவர்கள் இதைப் பேசிவிட்டு வருத்தப்பட வேண்டும்.

இப்போது தோட்டத்தில் பாதி இளசுகள் கொழும்புக் கடைகளில், மற்றவர்கள் மத்திய கிழக்கில். மாசி வந்தால் போனில் கூத்தைப் பார்த்துக்கொண்டே போனிலேயே காசு அனுப்புகிறார்கள். கோமாளியும் லயத்து நம்பருக்குப் பதிலாக வெள்ளவத்தை, கட்டார் என்று கூவுகிறார். வாத்தியாருக்குப் பாட்டு மறந்தால் போனில் பதிந்து வைத்ததை ஒரு பையன் காதருகே பிடிக்கிறான். போன மாசியில் கூத்துக் கமிட்டி கூடி இரண்டு முடிவு எடுத்தது. தப்புச் செட்டுக்கு உரிய பங்கை ஆட்டம் தொடங்குமுன் பேசி எழுத வேண்டும். கணக்கு முடிக்கும்போது அவர்களைக் கதிரையில் உட்காரவைத்து, அந்தப் பங்கை முதலில் கையில் கொடுக்க வேண்டும். முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். ஆனாலும் நோட்டில் முதல் வரியாக அதுதான் எழுதப்பட்டிருக்கிறது.